பிள்ளை பார்க்கும் பிள்ளைகள்

தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருக்கும் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி, பெரிய மனிதர்கள் கூடும் சபைகளில் அபூர்வமாகவே எழுகிறதாயினும், ஏழைக் குடும்பங்களில் பொழுது விடிந்தால் தவறாமல் எழுகிறது. அதற்கு உலகத்தின் பெரும்பகுதி நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை, மூத்த பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்பதுதான். 1977-ல் வீஸ்னர், கேலிமோர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் பல நாட்டுச் சமூகங்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி, தாய் ஒருத்தியே குழந்தையை வளர்க்கிறாள் என்று மனோதத்துவ நூல்கள் கொள்வது போதாது என்றும், அண்ணன் அக்காள்மாரின் பராமரிப்பில் சிசுக்கள் வளர்வது உலகில் மிகவும் சகஜமான விஷயம் என்றும் எடுத்துக்காட்டினார்கள். நம்மூர்க் கிராமவாசி இதைக் கேட்டால், இதற்கு ஓர் ஆராய்ச்சி வேண்டுமா என்று சிரிப்பார். ஆனால் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறோமே, அந்த மூத்த பிள்ளைக்குப் பார்க்கத் தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொடுப்பது யாருடைய பொறுப்பு என்று அவரைத் திருப்பிக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த இரண்டாவது கேள்வியைக் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரை முன்னிட்டு ஆராய நினைத்ததற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையை அடிவாரத்தில் விட்டுவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் கரியாலூரைக் கடந்தே போகவேண்டும். கல்வராயன் மலையின் குடிகள் பெரும்பாலும் மலையாளி என்று பெயர் பெற்ற பழங்குடியினர்; பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழே. 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில், கூலியில்லாத வேலைக்கு ஆட்பட்டுக் கிடந்த பிரதேசம் இது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்த பிறகு, இம்மலை மக்களுக்கு என்ன வசதி செய்யப்பட்டிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பயிராகும் சரிவுகளில் ஊர்கள் சிறுசிறு குக்கிராமங்களாகச் சிதறியிருக்கின்றன. மழையை நம்பிய இந்தக் காடுகளில் வருஷம் முழுவதும் வேலை கிடையாது. ஆகவே ஆண்களும், பல குடும்பங்களில் பெண்களும், சமவெளிக்கும் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். அவர்கள் போன பிறகு வீட்டில் எஞ்சுவது ஒரு பாட்டியும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியும், அவள் இடுப்பில் ஒரு குழந்தையும்.

அந்தப் பெண்ணின் ஒரு முற்பகலை நினைத்துப் பாருங்கள். தரையோடு தரையாக இருக்கும் விறகடுப்பில் கூழ் கொதிக்கிறது. குழந்தை தவழ்ந்து திரியும் பருவம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் தப்பினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. பாட்டிக்குக் கண் மங்கல். இவள் குடத்தை எடுக்கும்போது குழந்தையை எங்கே விடுவது? தூளியில் போட்டால் அது விழித்துக்கொண்டு எழுந்து நிற்கும். கீழே விட்டால் அடுப்பு. கூடத் தூக்கிப்போனால் குடத்தை எந்த இடுப்பில் வைப்பது? இவ்வளவு நுட்பமான ஒரு தீர்மானத்தை நாள்தோறும் செய்யும்படி பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று மறுநாள் அவளையே கண்டிக்கிறோம்.

இளம்பிள்ளைகளுக்குச் சிசு பராமரிப்பைக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. 1908-ல் நியூயார்க் நகரத்தின் குழந்தைச் சுகாதார இலாகாவுக்குத் தலைமை ஏற்ற டாக்டர் ஜோசபின் பேக்கர் என்ற பெண்மணி, குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களில் தாய்மார் தொழிற்சாலைக்குப் போய்விடக் கைக்குழந்தைகள் சிறுமிகளின் கையிலேயே வளர்வதைக் கண்டு, அதைக் கண்டித்துப் பயனில்லை என்று தெளிந்து, அச்சிறுமிகளையே பள்ளியில் சங்கமாகச் சேர்த்தார். பாலைக் கெடாமல் வைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, கோடையில் மெல்லிய உடை உடுத்துவது போன்றவற்றை அவர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். சின்னத் தாய்மார் சங்கம் என்பது அதன் பெயர். பெண் குழந்தையைத் தாயாக்கிவிடும் அந்தப் பெயர் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் உள்ள நிலைமையை உள்ளபடி ஒப்புக்கொண்டு அதிலிருந்து தொடங்கிய அவருடைய விவேகம் நமக்கு இன்றும் வேண்டியது.

அமெரிக்காவில் பின்னர் காலம் மாறியது. சங்கத்துச் சிறுமிகளின் பேத்திகள் காலத்தில், அண்டை வீட்டார் மாலையில் வெளியே போகும்போது அவர்களுடைய குழந்தையை இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டு கைச்செலவுக்குப் பணம் சம்பாதிப்பது பதின்வயதுப் பெண்களின் வழக்கமாகிவிட்டது. 1980-ல் இண்டியானாபொலிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியர் பாட்ரிசியா கீனர், தம்முடன் பணியாற்றிய ஒருவரின் குழந்தை, பிறர் காவலில் இருந்தபோது தொண்டையில் பண்டம் அடைத்து இறந்துபோன துயரத்தால் தூண்டப்பட்டு, ‘சேஃப் சிட்டர்’ என்ற பயிற்சியை ஏற்படுத்தினார். அமெரிக்க, கனடிய செஞ்சிலுவைச் சங்கங்களும் பதினொரு வயது முதல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இத்தகைய வகுப்புகளை நடத்துகின்றன. மூச்சடைப்புக்கு முதலுதவி, அணையாடை மாற்றுவது, அந்நியர் கதவைத் தட்டினால் செய்ய வேண்டியது, பெற்றோரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியவை ஆகியன பாடங்கள். பாடங்களில் குறையில்லை. ஆனால் அவை கற்பனை செய்துகொள்ளும் வீடு வேறு. அங்கே தொலைபேசி வேலை செய்யும், பெற்றோர் இரவு பத்து மணிக்குத் திரும்பிவிடுவார்கள், பிள்ளைக்குப் பணம் கிடைக்கும், விருப்பமில்லாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லவும் சொல்லலாம். கரியாலூர்ப் பெண்ணுக்கு இந்த நான்கில் ஒன்றாவது உண்டா?

நமக்கு நெருங்கிய மரபு வேறொன்று. 1979-ஐச் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாட உலகம் ஆயத்தமானபோது, நைஜீரியக் கிராமங்களில் நெடுங்காலம் பணியாற்றிய குழந்தை வைத்தியர் டேவிட் மோர்லி, கல்வியாளர் ஹியூ ஹாஸ் முதலியோர் 1978-ல் லண்டனில் ‘சைல்டு டு சைல்டு’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஏழை நாடுகளில் தம்பி தங்கையரைப் பார்ப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளே என்றால், சுகாதார அறிவை அவர்களுக்கே கொடுப்போம் என்பது அவர்கள் உத்தேசம். இந்த வழியில் மெக்சிகோவின் மலைக்கிராமமான அஹோயாவில், டேவிட் வெர்னரும் அவருடைய தோழர்களும் கையாண்ட ஓர் உபாயத்தை, வாசகர் பொறுத்தருளினால், சற்று விரிவாகவே சொல்லுகிறேன். பாடம் சொல்லித்தரும் கலையில் இதைவிட அழகான ஒன்றை நான் படித்ததில்லை.

காய்ந்த சுரைக்குடுவை ஒன்றை எடுத்துக் கண்ணும் வாயும் எழுதிக் குழந்தையாக்குகிறார்கள். தலையுச்சியில் ஒரு வட்டத் துளையிட்டு அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்துகிறார்கள். அடியில் இன்னொரு துளையிட்டு அடைப்பு வைத்துக் குடுவை நிறையத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிறகு ஒரு பிள்ளையை அழைத்து அடைப்பைப் பிடுங்கச் சொல்லுகிறார்கள். குடுவைக் குழந்தைக்கு ‘வயிற்றுப்போக்கு’ ஆரம்பமாகிறது. நீர் வடிய வடிய, உச்சியிலே துணி மெள்ளக் குழிந்து உள்ளே இறங்குகிறது. உச்சிக்குழி ஏன் பள்ளமாகிறது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்கும் மருந்து கைவசம் இல்லாதபோது என்ன செய்வது என்று கேட்டால், போகிற அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அதன்பின், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்கக் கற்றுக்கொடுப்பது அரை மணி வேலை. கலக்கியதை முதலில் தாமே ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட வேண்டும். சுரைக்குடுவைக்குக் கல்வராயன் மலையில் பஞ்சமில்லை.

இனி இந்த மலையில் கற்பிக்க வேண்டியது என்ன என்று பார்த்தால், மேனாட்டுப் புத்தகங்களில் இல்லாத பலவற்றைச் சேர்க்கவும், உள்ள பலவற்றை விடவும் நேரும். தூளியை முதலில் சொல்ல வேண்டும். சீலைத் தூளியைப்போல் குழந்தைக்குச் சுகமானது வேறில்லை. ஆனால் சற்று வளர்ந்த பிள்ளைகள் அதில் முறுக்கிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி மாண்ட செய்திகள் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. ஆகவே குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்ததும் சீலையை மேலே சுருட்டிக் கட்டிவிட வேண்டும் என்பது முதற்பாடம். பிறகு தண்ணீர்: தவழும் குழந்தை மூழ்குவதற்குக் கிணறு வேண்டியதில்லை, அடியில் நாலு விரற்கடை நீர் நிற்கும் பக்கெட் போதும், பயன்படாத பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் ஓர் உயிரைக் காக்கும். தீக்காயத்தின்மேல் மஞ்சளோ மையோ பற்பசையோ தடவாமல், இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் வைத்திருக்கும் மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கலாகாது, எண்ணெய் நுரையீரலில் இறங்கிவிடும். வேலியோரத்துக் காட்டாமணக்கு விதை கடலைபோல் ருசிக்கும். தின்றால் வாந்தியும் பேதியும் வரும். பாம்பு தீண்டினால் கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதே வழி.

மூச்சடைப்பைச் சொல்லால் மட்டும் கற்பிக்க முடியாது, கையால்தான் கற்பிக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் நிலக்கடலையோ புளியங்கொட்டையோ சிக்கி, அழவும் குரலெழாமல் முகம் கறுத்தால், அதை முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். கந்தல்துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியர் எதிரில் செய்துகாட்டும் வரையில் இந்தப் பாடம் முடிந்ததாகக் கொள்ளலாகாது.

இவையெல்லாம் செய்கைகள். செய்யாமலிருப்பதைக் கற்பிப்பது இவற்றினும் அரிது. ஓயாமல் அழும் குழந்தை பெரியவர்களையே நிதானம் இழக்கச் செய்கிறது. பசியோடும் களைப்போடும் இருக்கும் சிறுமியின் கதி என்னவாகும்? அச்சமயத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் அதன் மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து வரும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்குவது பாவமன்று என்றும் சொல்ல வேண்டும். ‘இது என்னால் ஆகாது, பெரியவர்களைக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளையே நல்ல பராமரிப்பாளர் என்பது என் அபிப்பிராயம். அப்படிக் கூப்பிட்டால் வருவதற்கு ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? 108 வண்டி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. ஆனால் செல்போன் எடுக்காத பள்ளத்தாக்கில் யாராவது மேட்டுக்கு ஓடினால்தான் வண்டியைக் கூப்பிட முடியும். ஆகவே பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் நாளிலேயே, அவ்வூரில் பகலில் இருக்கும் பெரியவர் இன்னார் என்று வீட்டுக்கு வீடு குறித்து, அவருக்கும் சொல்லி வைப்பது அவசியம்.

பையன்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 1973-ல் கரோல் எம்பர் என்ற அறிஞர், கென்யாவின் லுவோ மக்களிடையே, வீட்டில் பெண் குழந்தை இல்லாததால் பெண்களுக்குரியதாகக் கருதப்பட்ட வேலைகளைச் செய்ய நேர்ந்த சிறுவர்களை ஆராய்ந்து, அவர்கள் மற்றச் சிறுவர்களைவிடச் சண்டைக்குணம் குறைந்தவர்களாகக் காணப்படுவதைக் குறித்திருக்கிறார். அந்த ஆராய்ச்சியை அப்படியே இங்கே பொருத்த வேண்டுமென்பதில்லை. ஆனால் பயிற்சி பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால், கற்றவளே செய்யட்டும் என்று அவள் சுமை இரட்டிப்பாகும். வகுப்பில் பாதி இடம் பையன்களுக்கென்று ஒதுக்காத எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

இங்கே ஒரு பலமான ஆட்சேபம் எழும். பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது குழந்தை உழைப்புக்குச் சான்றிதழ் கொடுப்பதாகாதா? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் அவர்களை எல்லா வேலைகளிலும் அமர்த்தக்கூடாது என்று விதித்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. ஆகவே அமெரிக்கப் பிள்ளைகளைப் போல் அயல்வீட்டில் கூலிக்குக் குழந்தை பார்க்க நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அமர்த்துவது சட்டவிரோதம். கல்வராயன் மலைச் சிறுமிகளைக் குழந்தை பார்க்க என்று சொல்லி நகரத்துப் பங்களாக்களுக்கு அழைத்துச் செல்லும் தரகனுக்கு இந்தப் பயிற்சி சிபாரிசுக் கடிதமாகிவிடலாகாது. அதனால்தான் இதற்குச் சான்றிதழே வேண்டாம் என்கிறேன். சட்டம் அனுமதிப்பது குடும்ப உதவியை; பயிற்சியும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். வயது பன்னிரண்டுக்குக் குறையாமல், பள்ளி நேரம் போக, தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க, இரவில் ஒருபோதும் தனியே விடாமல் என்பவை நான் விதிக்கும் வரம்புகள். இவற்றைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. தாய் தகப்பன்மாரையும் வகுப்பின் கடைசி நாளில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

வரம்பு மீறினால் யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். அதற்கான ஏற்பாடு இந்த நாட்டில் ஏட்டளவிலாவது இருக்கிறது. மீனா சுவாமிநாதன் தலைமையில் பள்ளிக்கு முந்திய பருவத்துக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த குழு 1972-ல் தன் அறிக்கையைத் தந்தது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அங்கன்வாடி இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை வைத்துக்கொள்ளும், அதையும் மாலைக்குள் அனுப்பிவிடும். காட்டுவேலைக்குப் போன தாய் இருட்டிய பின் திரும்புகிறாள், அவள் இடுப்புக் குழந்தைக்கோ ஒரு வயது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலைச் சட்டம், வேலைத்தலத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ சிறு குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை நியமித்துக் கூலி கொடுக்கச் சொன்னது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைமடுவமும், மலேயா ரப்பர்த் தோட்டங்களில் ஆயாக்கொட்டகையும் வெள்ளைக்காரத் துரைகளின் காலத்திலேயே இருந்தன. லாபத்தை மட்டும் எண்ணியவர்களுக்குக்கூட, தாய் நிம்மதியாக வேலை செய்தால்தான் கொழுந்து கூடையில் விழும் என்று தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டோம், இனிக் காப்பகம் எதற்கு என்று ஓர் அதிகாரி எழுதுவாரானால், இந்தக் கட்டுரையில் நான் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

பயிற்சியை எங்கே நடத்துவது? இம்மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன; தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் பழகிய ஸ்தாபனம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்புமுன் நான்கு நாள் வகுப்பு நடத்துவது எளிது, யாரும் அதைச் செய்துவிடலாம். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி விடுமுறைக்கு மட்டுமே பயன்படும். எவளுக்கு இது நாள்தோறும் வேண்டுமோ அவள், தம்பியைப் பார்ப்பதற்காகவே பள்ளியை விட்டு நின்றுவிட்டவள், வகுப்பில் இல்லை. பள்ளிக்குள் நடக்கும் வகுப்பு அவளை எட்டாது. ஆகவே கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போட ஊருக்கு வரும் நாளில், அங்கன்வாடித் திண்ணையில், குழந்தையோடு வந்து நிற்கும் அந்தப் பெண்ணையே உட்காரவைத்து இதைக் கற்பிக்க வேண்டும். அப்போது அவளிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எத்தனை நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது. அந்த விடையைச் செவிலியர் ஒரு நோட்டில் எழுதித் தலைமையாசிரியரிடமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் சேர்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களின் பட்டியலோடு அந்தப் பட்டியலும் மாதந்தோறும் போகவேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்தை நான் கேட்டுக்கொள்வது இரண்டு. கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் அவற்றைச் சுற்றியுள்ள குக்கிராமங்களிலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இருட்டும்வரை வைத்துக்கொள்ளும் காப்பகம் அங்கன்வாடியோடு சேர்த்துத் திறக்கப்பட வேண்டும். உள்ளூர்ப் பெண்களையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். அது திறக்கும்வரை, குழந்தையைச் சுமந்து நிற்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் நிற்கும் இடத்துக்கே போய், இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சுரைக்குடுவையும் துணிப்பொம்மையும் ஒரு செவிலியரின் அரைநாளும் போதும்.